கோஜோவின் வெள்ளிக்கிழமை

லாகோஸ் நகரத்தில் டைல்ஸை நேராக ஒட்டத் தெரிந்தவன் எல்லை தாண்டி வரும் டோகோ நாட்டுக்காரன் மட்டும்தான் என்று முதன்முதலில் கிளப்பிவிட்ட புண்ணியவான் யாரோ தெரியாது. அவர் நல்லா இருக்கட்டும். அவர் புண்ணியத்தில் உள்ளூர் ஆட்கள் எத்தனையோ பேர் ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தார்கள். லெக்கிப் பக்கம் கட்டடம் கட்டுகிற பெரிய மனிதர்களோ ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தார்கள்: இத்தனை பெரிய ஊரில் வேலை தெரிந்த ஆளே கிடைக்கவில்லை. வாசலில் நிற்கிறவன் அவர்கள் கணக்கில் ஆள் இல்லை போலும்.

ரிலுவான் அப்படி வாசலில் நின்றவன்தான். எப்பே ஊர்க்காரன், உள்ளூர் யோருபா இனம், ஊர் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கேட்டைச் சாத்துவார்கள்.

"எந்த ஊரு?"

"எப்பே, ஐயா."

"நம்மூர்க்காரனா? வேண்டாம்ப்பா. பாதி வேலையில கல்யாணம்பே, கருமாதிம்பே. டோகோ ஆள் இருந்தா அனுப்பிவிடு."

மழைக்காலம் தொடங்கியும் அவனுக்கு வேலை இல்லை. மழையில் மற்றக் கட்டட வேலை எல்லாம் படுத்துவிடும், கூரைக்குக் கீழே நடக்கும் டைல்ஸ் வேலைக்குத்தான் கிராக்கி. அந்த நேரத்திலும் ஆண்பிள்ளை வீட்டில் குந்தியிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும். அவன் மனைவி அஃபி பாரிகாவில் அவர்கள் குடியிருந்த வளவின் பின்புறம் மீனைப் புகைபோட்டு விற்று அடுப்பை அணையாமல் வைத்திருந்தாள்.

அஃபி நிஜமான டோகோக்காரி. கடலோரத்து அனேஹோவில் பிறந்தவள். ரிலுவானுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அவளுடைய அண்ணன் கோஜோதான். குனிந்து குனிந்து முதுகு போய், அந்தக் கோஜோ ஊருக்குத் திரும்பியபோது தன் சாமான்களையும் கைபேசியையும் மச்சானிடம் விட்டுப் போனான். ஒருநாள் அந்தக் கைபேசி அடித்தது.

"டோகோ கோஜோவா? நான் மேடம் ஒலாயிங்கா. உன் வேலையைப் பத்தி ஒருத்தர் சொன்னாங்க. எனக்கு ஆள் வேணும், நாளைக்கே."

ரிலுவான் அடுப்படியைப் பார்த்தான். அஃபி மீனைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். அவன் தன் தாய்மொழியான யோருபாவை மச்சான் பேசுவதுபோல் உடைத்து உடைத்துச் சொன்னான்: "ஆமா மேடம். கோஜோதான்."

அன்று தொடங்கியது. லெக்கிக்குப் போனால் அவன் கோஜோ. பாரிகாவுக்குத் திரும்பினால் ரிலுவான், ரிஸ்காவின் அப்பா. இதில் அஃபிக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் கல்யாணமான நாளிலிருந்து ரிலுவான் அவளை டோகோக்காரி என்று வாய் திறந்து சொன்னதில்லை. எப்பேயில் அவன் ஆட்களிடமும் சரி, வளவில் இருக்கிற குடித்தனக்காரர்களிடமும் சரி, "படாக்ரிப் பக்கம், நம்ம நாட்டு எல்லைக்குள்ளதான்" என்று சொல்லிவைத்திருந்தான். அவளும் தலையாட்டினாள். அவள் அப்பா காலத்தில் ஒரே அறிவிப்பில் வெளிநாட்டுக்காரர்களை லாரி லாரியாக ஏற்றித் துரத்திய நாடு இது. வளவில் ஒரு வாளி காணாமல் போனாலும் கிணற்றடிச் சுபேதாக்கா, "எல்லை தாண்டி வந்த கழுதைங்க எதுவோ" என்றுதான் ஆரம்பிப்பாள். எதற்கு வம்பு என்று அஃபி இருந்துவிட்டாள். எல்லாருக்கும் அவள் ரிஸ்காம்மா. அஃபி என்கிற பெயரே துருப்பிடித்துக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் ரிலுவான் தொப்பலாக நனைந்து வந்தான். சட்டையைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்தான். அஃபி கஞ்சியை ஊற்றி, பக்கத்தில் வறுத்த மீனை வைத்தாள். அவன் தொடவில்லை.

"என்ன ரிஸ்காப்பா, உடம்புக்கு முடியலையா?"

"மேடம் புது மேஸ்திரி போட்டிருக்கு. நாளைக்கு வர்றான்."

"வரட்டுமே. உங்க வேலையில யாரு குத்தம் சொல்ல முடியும்?"

"வேலை கிடக்கட்டும் புள்ள. அவன் பேரு மெசான். அனேஹோக்காரன்."

அஃபியின் கையிலிருந்த அகப்பை நின்றது. மேடம் ஒலாயிங்கா எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியும். முன்பு ஒரு கொத்தன் ஏமாற்றினான் என்று அவனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தாள்; அவன் பெண்டாட்டி பிள்ளைகள் ஸ்டேஷன் வாசலில் மழையில் கிடந்தார்கள். ரிலுவானே சிரித்துக்கொண்டு சொன்ன கதை. இப்போது அவனுக்குச் சிரிப்பில்லை.

"எங்க பாஷையில பேச்சுக் கொடுத்தா?"

"நாலு வார்த்தை சொல்லிக்கொடு. மீதிக்கு இருமுறேன், வாந்தி எடுக்கறேன், என்னமோ செய்யறேன்."

"வேற என்ன சொல்லி வச்சிருக்கீங்க மேடம்கிட்ட? எல்லாத்தையும் சொல்லுங்க. ஒன்னையும் மறைக்காதீங்க."

அவன் யோசித்தான். "பெருசா ஒன்னும் இல்ல. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போவணும்ல? எங்க போறேன்னு மேடம் கேட்டுச்சு. தொழுகைன்னா, கோஜோங்கற பேர்க்காரனுக்கு ஏது தொழுகைன்னு தோண்டுமோன்னு பயந்துட்டேன். நான் வெள்ளிக்கிழமை பொறந்தவன், எங்க ஊர்ல பொறந்த கிழமை மத்தியானம் வேலை பாக்கமாட்டோம்னு சொன்னேன். அதுக்கு ஒரே சந்தோஷம். பாக்கறவங்ககிட்டல்லாம் டோகோ வழக்கம்னு சொல்லிக்கிட்டுத் திரியுது."

அஃபி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"என் பேரு என்ன?"

"என்னடி கேள்வி இது? ரிஸ்காம்மா."

"எங்கம்மா வச்ச பேரு."

"அஃபி."

"அஃபின்னா என்ன?"

"அஃபின்னா... நீதான்."

"வெள்ளிக்கிழமை பொறந்த பொம்பளைப்புள்ளைக்குத்தான் அஃபின்னு வைப்பாங்க. ஆம்பளைப்புள்ளைன்னா கோஃபி. கோஜோன்னா திங்கக்கிழமை பொறந்தவன். எங்க பக்கம் பால்குடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். திங்கக்கிழமைப் பேரை வச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை பொறந்தேன்னு சொல்லியிருக்கீங்க."

ரிலுவான் வாயைப் பிளந்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது. அஃபிக்கும் பயம்தான். ஆனால் அவள் பயத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து குத்தியது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவன், உன் பேருக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் குழியில் விழுந்திருக்க மாட்டான்.

"இப்ப என்ன செய்யறது?"

"கிழமைப் பேச்சையே எடுக்காதீங்க. சாப்பிடுங்க."

அவன் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அஃபி, இந்த ஒரு கண்டம் மட்டும் தாண்டட்டும். அப்புறம் நானே நாலு பேர் மத்தியில சொல்றேன், எம்பொண்டாட்டி அனேஹோக்காரின்னு. ஏன் மறைக்கணும்? உங்க ஆளுங்க கைக்கு இந்த ஊர்ல இருக்கிற மதிப்பு எனக்கில்ல தெரியும்."

அவள் கேட்காமலே அவன் சொன்ன வாக்கு அது. அதனாலேயே அவள் நம்பினாள்.

மெசான் வந்தான். தலை நரைத்த, அதிகம் பேசாத ஆள். கட்டைவிரலால் ஓடுகளைச் சுண்டிச் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நடப்பான். அடியில் கலவை சரியாகப் பரவாத ஓடு டொக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். ரிலுவான் ஒட்டிய கூடம் முழுக்கச் சுண்டிப் பார்த்தான். எங்கேயும் டொக்கு இல்லை. அவன் தன் மொழியில் வணக்கம் சொன்னபோது ரிலுவான் அஃபி கற்றுக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னான். மெசான் மேலே ஏதோ கேட்டான். ரிலுவான் இருமினான். மெசான் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

அந்த மௌனம்தான் ரிலுவானைத் தின்றது. தினமும் வீட்டுக்கு வந்து, "பாத்தான், ஒன்னும் சொல்லல" என்பான். "எப்படிப் பாத்தாரு?" என்பாள் அஃபி. "மீன் வாங்கறவன் செவுளைத் தூக்கிப் பாக்கற மாதிரி." இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. தெருவில் போலீஸ் வண்டி போனால், அது தாண்டும்வரை அஃபி கதவிடுக்கில் நின்று பார்த்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும். மதியச் சாப்பாட்டில் மெசான் பெருமூச்சு விட்டு, ஊர் முறையில் வைத்த பயறு சாப்பிட்டு வெகுநாளாயிற்று என்று சொல்லியிருக்கிறான். டோகோ பக்கத்திலிருந்து வந்த அகோயின் பயறு என்றால் லாகோஸில் தெரியாதவர் இல்லை. குழைய வேகவைத்து மசித்த பயறு, மேலே கருகக் கருக வதக்கிய மிளகாய்க் குழம்பு, தொட்டுக்கொள்ள மெத்தென்ற ரொட்டி. நல்ல பேர் எடுக்கிற ஆசையில் ரிலுவான் வாயை விட்டான்: "எம்பொண்டாட்டி வைப்பா பாருங்க!" மேடம் பக்கத்தில் நின்றாள். "அப்படியா? சனிக்கிழமை வரோம். என்கிட்ட வேலை பாக்கறவன் எப்படி இருக்கான்னு நானும் பாக்கணும்ல" என்றாள்.

சனிக்கிழமைக்கு முன்னால் ரிலுவான் வளவு முழுக்கக் கெஞ்சிச் சுற்றினான். "சனிக்கிழமை மட்டும் யாரும் என்னை ரிலுவான்னு கூப்பிடாதீங்க. கோஜோ."

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சுபேதாக்கா வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏன்டா, உங்கப்பன் ஆடு அறுத்து வச்ச பேரு கசக்குதா?"

"வேலைக்கா. டோகோன்னா வேலை குடுக்கறாங்க."

"எல்லை தாண்டினவன் வேஷமா! கட்டு, கட்டு. பொழைக்கறவன் எந்த வேஷமும் கட்டுவான். உம்பொண்டாட்டியும் கட்டுறாளா?"

"அவளும்தான்" என்றான் ரிலுவான்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அஃபி பின்புறத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தாள். பயறு முந்தியே வெந்து குழைந்திருந்தது. ஊறிய வரமிளகாயை நைய அரைக்காமல் ஒன்றிரண்டாய் இடித்துக்கொண்டாள். வெங்காயத்தைச் செம்பனை எண்ணெயில் போட்டு, தீயைத் தணித்து, கருகலுக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்த வேண்டும். அதில்தான் இருக்கிறது சூட்சுமம். மிளகாயைக் கொட்டியதும் புகை எழுந்து மழைக் காற்றில் வளவு முழுக்கப் பரவியது. வீட்டுக்கு வீடு தும்மினார்கள்.

இந்த மணத்தை அவள் இந்த வளவில் எழுப்பியதே இல்லை. ரிலுவான் கூடாதென்று சொல்லியிருந்தான், மணமே ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. இன்றைக்கு அவளுக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தப் புகை மூக்கில் ஏறியபோது மனம் கொஞ்சம் நிமிர்ந்தது. அம்மா நினைவு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்டினாள்.

மேடம் ஒலாயிங்கா பெரிய குடையோடு, சேற்றில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் மெசான். மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் சுபேதாக்காவும் இன்னும் நாலைந்து பேரும் எதிர்த் தாழ்வாரத்தில் வந்து நின்றுகொண்டார்கள்.

"வெஸோ" என்றாள் அஃபி. வாருங்கள் என்பதற்கு அவர்கள் சொல்.

"யோ" என்ற மெசானின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. அவர்கள் மொழியில் கேட்டான், "யாரு வீட்டுப் பொண்ணு, தங்கச்சி?" அவளும் சொன்னாள். வலைக்காரர் தெரு, இன்னாருடைய மகள். பேசப் பேச அவளுக்கு வாய் வலிக்கவில்லை. எத்தனையோ காலமாகக் கட்டிவைத்த ஆட்டை அவிழ்த்துவிட்டதுபோல் பேச்சு ஓடியது. ரிலுவான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இடம் தெரியாமல் ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தான்.

மேடம் முதல் கவளத்திலேயே உறைப்பில் கண்ணீர் விட்டாள். "அடி ஆத்தி! இதுதான்டி பயறு. ரோட்டுல விக்கிறதெல்லாம் மண்ணு. ஆனா ஒன்னு சொல்றேன் மெசான், சமையலா இருந்தாலும் சரி, டைல்ஸா இருந்தாலும் சரி, இந்த ஊர்ல ஆளே கிடையாது. நாயா அலையறேன். உங்க ஆளுங்க இல்லேன்னா என் கட்டடம் மண்தரையோட நிக்கும்." ரொட்டியைப் பிய்த்தவள் நிறுத்தினாள். "உங்கிட்ட ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். கோஜோ வெள்ளிக்கிழமை பொறந்தவனாம். அந்த மத்தியானம் கரண்டியைத் தொடமாட்டான். உங்க ஊர் வழக்கமாமே. நீ மட்டும் ஏழு நாளும் நிக்கறியே, உன்னை யாரும் பெக்கலையா?"

மெசானின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"கோஜோவா?" என்றான் மெதுவாக. "வெள்ளிக்கிழமையா?"

ரிலுவான் சட்டென்று இருமத் தொடங்கினான். மெசான் அஃபியின் பக்கம் திரும்பி, தங்கள் மொழியில் கேட்டான். "தங்கச்சி, இது யாரோட பொய்?"

"அண்ணே, என் வீட்டு உப்பு இப்ப உங்க நாக்குல இருக்கு" என்றாள் அவளும் அதே மொழியில்.

பிறகு மேடத்திடம் திரும்பி, வளவுக்கே கேட்கும்படி யோருபாவில் சொன்னாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"இவருக்குச் சரியா எடுத்துச் சொல்லத் தெரியல மேடம். கோஜோன்னா திங்கக்கிழமை பொறந்தவன். வெள்ளிக்கிழமை பொறந்தது நான். என் பேரு அஃபி, அனேஹோக்காரி, அங்கேயே பொறந்து வளந்தவ. எங்க குடும்பத்துல பொண்டாட்டி பொறந்த கிழமை மத்தியானத்தைப் புருஷன் அவளுக்குன்னு விட்டுக்குடுக்கணும். அதைத்தான் சொல்லியிருக்காரு. ஆம்பளை, பொண்டாட்டிக்காகன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத் தனக்குன்னு மாத்திச் சொல்லிட்டாரு."

"உனக்காகவா?" மேடம் வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்தாள். "வாரா வாரம்?"

"எனக்காகத்தான்."

அவன் அவளுக்கென்று அரைநாழிகை கொடுத்தவன் இல்லை. சொல்லும்போதே அஃபிக்கு அழுகை முட்டியது. அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்திருக்கலாகாதா என்று ஆசையாக இருந்தது.

மெசான் கவளத்தை வாயில் போட்டான். நிதானமாக மென்றான். "சில வீடுகள்ல உண்டு மேடம்" என்றான். "எங்க வீட்டுல இல்ல. எம்பொண்டாட்டி குடுத்து வைக்காதவ."

மேடம் தொடையில் தட்டிச் சிரித்தாள். "என் வீட்டு ஆம்பளையும் இருக்காரே! கோஜோ, அடுத்த கட்டடமும் உனக்குத்தான். திங்கக்கிழமை மெசானோட ஆளுங்க பத்துப் பேர் ஊர்லேர்ந்து வந்து இறங்குறாங்க. நீதான் அவங்களைக் கூட்டிட்டுப் போய் வேலை பிரிச்சுக் குடுக்கணும்."

கிளம்பும்போது மெசான் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினான். "மொத நாளே தெரியும் தங்கச்சி. கரண்டியை முழங்கால்ல ரெண்டு தடவை துடைக்கறான். அது உங்கண்ணன் பழக்கம், அவர்கூட வேலை பாத்திருக்கேன். கை அவர் கைதான், வாய்தான் வேற. எனக்குக் கை போதும். ஊர்ல பத்துப் பேரைப் பிடிச்சா நாலு பேருக்குத்தான் கரண்டி பிடிக்கத் தெரியுது. மிச்சம் ஆறும் டோகோங்கற பேரை வச்சே பொழைக்க வருது."

"நல்லா இருப்பீங்கண்ணே."

"இரு. வர்றவனுங்க என்னைப்போல வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டானுங்க. மேடம் கூடவே நிக்கும். அவங்களை வரவேத்து நாலு வார்த்தை ஒழுங்காப் பேசலேன்னா அன்னைக்கே சந்தி சிரிச்சுரும். நல்லாக் கத்துக்குடு." குடைக்குள் நுழைந்து போய்விட்டான்.

அவர்கள் தலை மறைந்ததும் தாழ்வாரத்துக் கூட்டம் சேற்றைத் தாண்டி வந்து சேர்ந்தது. மிச்சப் பயறு ஒரு நொடியில் காலி. ஆளாளுக்கு ரிலுவானின் முதுகில் தட்டினார்கள். சுபேதாக்கா மட்டும் விரலை நக்கிக்கொண்டே அஃபியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டா ரிலுவான், வேஷம்னு சொன்னே. இவ பேசினதைப் பாத்தா வேஷம் மாதிரி இல்லியே. பயறும் அப்படி. நெஜமாவே எல்லைக்கு அந்தப் பக்கமா இவ?"

அஃபி பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். கண்டம் தாண்டிவிட்டது. நாலு பேரும் இருக்கிறார்கள். சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். அவள் நெஞ்சு முன்பு அடித்ததைவிடப் பலமாக அடித்தது.

ரிலுவான் கடகடவென்று சிரித்தான். "எம்பொண்டாட்டியா? நல்லாக் கேட்டீங்கக்கா! அவ படாக்ரிக்காரி. ஒரு வாரமா ஒத்திகை பாத்தோம்ல. படாக்ரிப் பேச்சைக் கொஞ்சம் கோணலாப் பேசினா டோகோ. நடிப்புல என்னையே தூக்கிச் சாப்ட்டுட்டா!"

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. அஃபி பாத்திரத்தை மழையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தன் வாயால் தன் ஊரைச் சொன்ன சந்தோஷம் ஒரு சோறு வேகிற நேரம்கூட நிலைக்கவில்லையே என்று அவளுக்கு ஆறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பேசவில்லை. அசதி என்று நினைத்துக்கொண்டான் அவன்.

திங்கட்கிழமை காலை ரிலுவான் குளித்து, சலவைச் சட்டை போட்டு, சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்புறம் வந்தான். அஃபி மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் சுபேதாக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, சீக்கிரம் சொல்லு. பத்துப் பேர் வந்து நிப்பாங்க, மேடமும் நிக்கும். வாங்கன்னு சொன்னப்புறம் என்ன சொல்லணும்? பிரயாணம் எப்படி, வீட்ல சௌக்கியமா, அதெல்லாம் எப்படிக் கேக்கறது?"

அவள் அடுத்த மீனை எடுத்து அடுக்கினாள்.

"அஃபி, நேரமாச்சு. ஒரு வார்த்தை தப்புனாலும் நான் உள்ளே போயிருவேன். உன் பாஷைதானே, சொல்லேன்!"

கிணற்றடியில் உருளைச் சத்தம் நின்றது. அஃபி கைச் சாம்பலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும், ரிஸ்காப்பா? நான் படாக்ரிக்காரி."

தெருமுனையில் மஞ்சள் வேன்காரன், லெக்கி, லெக்கி, கடைசி சீட்டு என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான்.